35,000 ரூபாய் கட்டி ஆட்டிசம் தெரபிஸ்ட் ஆகலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். நான் பி.எஸ்சி. உளவியல் முடித்து ஓராண்டு ஆகிறது. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். அக்காவின் மகனுக்கு ஆட்டிசம். வயது ஐந்து. அவனைத் தெரபிக்கு அழைத்துக்கொண்டு போய் வந்ததில் எனக்கே இந்த வேலையின் மீது ஆசை வந்துவிட்டது. பெருநகரத்தில் உள்ள மையம் ஒன்று என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆனால் முதலில் 35,000 ரூபாய் கட்டி அவர்களிடமே மூன்று மாதம் ஏ.பி.ஏ. எனப்படும் நடத்தைப் பயிற்சி முறையைக் கற்க வேண்டுமாம். முடித்தால் ஆர்.பி.டி. என்ற அமெரிக்கச் சான்றிதழ் கிடைக்கும், ஆர்.சி.ஐ. அங்கீகாரமும் உண்டு என்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் அங்கேயே வேலை செய்வதாக எழுதிக் கொடுத்து, அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டும். அப்பா வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார். இணையத்தில் தேடினால், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலர் ஏ.பி.ஏ. கொடுமையானது என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் கற்றுக்கொள்ளவும் இடம் இல்லை. இந்தத் துறைக்குள் எப்படி நுழைவது? நுழையலாமா?

பதில்:

நுழையலாம். ஆனால் அந்த 35,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்கவும் வேண்டாம். இந்த இரண்டும் அவசரம் என்பதால் முதலில் சொல்லிவிட்டேன். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம்.

ஆர்.பி.டி. என்பது அமெரிக்காவின் நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியம் வழங்கும் தொடக்கநிலைச் சான்றிதழ். 18 வயது, பள்ளிப் படிப்பு, 40 மணி நேரப் பயிற்சி, ஒரு திறன் மதிப்பீடு, ஒரு தேர்வு ஆகியவை அதற்கு வேண்டும். கிடைத்த பிறகும் தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்தால்தான் அது செல்லும். அந்த வாரியம் 2023 ஜனவரி முதல் அமெரிக்கா, கனடா போன்ற மிகச் சில நாடுகளில் வசிப்பவர்களிடம் மட்டுமே புதிய விண்ணப்பங்களைப் பெறுகிறது. அம்பாசமுத்திரத்தில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் உங்களால் விண்ணப்பிக்கவே முடியாது. மையத்தார் தரப்போவது '40 மணி நேரப் பயிற்சி முடித்தார்' என்ற தாளாக இருக்கலாம். அந்தப் பயிற்சியில் கற்க வேண்டியவை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஆர்.பி.டி. என்று பெயர் சூட்டுவது நேர்மையல்ல. இந்தியாவில் இருப்பவர்களும் பெறக்கூடிய வேறு சர்வதேசச் சான்றிதழ்கள் இருக்கின்றன. க்யூ.ஏ.பி.ஏ., ஐ.பி.ஏ.ஓ. ஆகிய அமைப்புகள் அவற்றை வழங்குகின்றன. பிற்பாடு அவை உங்களுக்குப் பயன்படலாம். முதல் படியாக வேண்டாம்.

அடுத்தது ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில். அது 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் அமைப்பு. சிறப்புக் கல்வி ஆசிரியர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட் எனப் பதினாறு வகைத் தொழில்முறையாளர்களை அது தன் மத்தியப் பதிவேட்டில் சேர்க்கிறது. அந்தப் பதிவு இல்லாமல் அவர்களைப்போல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பதினாறில் 'ஏ.பி.ஏ. தெரபிஸ்ட்' என்ற வகை கிடையாது. மூன்று மாதத் தனியார் பயிற்சி உங்களை அந்தப் பதிவேட்டுக்குள் கொண்டுபோகாது. ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் அதைப் புதுப்பிப்பதற்காக ஆர்.சி.ஐ. ஒப்புதலோடு நடக்கும் தொடர்கல்வி வகுப்புகள் உண்டு. அப்படி ஒரு வகுப்பை எப்போதோ நடத்திய மையங்கள் சில, அந்த ஒப்புதலை வாசல் பலகையிலேயே எழுதிவைத்துவிடுகின்றன. 2021 இல் வந்த சார்பு மற்றும் சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற பெயர் இடம்பெற்றிருக்கிறது. அந்த வழி நன்றாகத் திறக்கும்வரை, நடத்தைப் பயிற்சியாளர் என்ற பெயரை நம் ஊரில் யார் வேண்டுமானாலும் பலகையில் போட்டுக்கொள்ளலாம் என்பதே நிலைமை. ஆகையால்தான் எச்சரிக்கை வேண்டும் என்கிறேன்.

என்ன படிக்கலாம்? இந்த வேலையில் நிலைத்திருக்க நினைத்தால், ஆர்.சி.ஐ. அங்கீகரித்த கல்லூரியில் இரண்டாண்டு சிறப்புக் கல்வி பி.எட். படியுங்கள். ஆட்டிசம் அல்லது அறிவுசார் வளர்ச்சிக் குறைபாட்டைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை முடித்தால் பதிவேட்டு எண் கிடைக்கும். தெரபி மையத்திலும் வேலை செய்யலாம், பள்ளியிலும் வேலை செய்யலாம். அப்பாவிடம் சொல்வதற்கும் ஒரு செய்தி: தொடக்கப் பள்ளிகளில் பத்து மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் சிறப்பு ஆசிரியர்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 இல் சொன்னது. மாநிலங்கள் அதை ஆமை வேகத்தில்தான் நிறைவேற்றுகின்றன. ஆனாலும் இந்தப் படிப்பின் பின்னால் சட்டம் நிற்கிறது. படிப்புகளின் பெயரும் காலமும் அடிக்கடி மாறுவதால், கல்லூரியின் விளம்பரத்தை நம்பாமல் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் மத்திய அரசுடையது. சிறப்புக் கல்வி, மறுவாழ்வுப் படிப்புகளை அங்கே நடத்துகிறார்கள். தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

எங்கள் பக்கம் இடம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்க்குடி உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தானே? தென்காசிக்குப் பக்கத்தில் அந்தக் கிராமத்தில் 1981 இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே உதவும் வேலையைக் கிராமம் கிராமமாகச் செய்து வருகிறது. பெருநகரக் கண்ணாடி அறைகளில் கிடைக்காத ஒன்றை அப்படிப்பட்ட இடத்தில் பார்க்கலாம். திண்ணையிலும் அடுப்படியிலும் தாயை உட்காரவைத்து அவருக்கே பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள். முறையாக எழுதி அனுமதி பெற்று, சில வாரங்கள் உடனிருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால் படிப்பில் சேருங்கள்.

இனி, வேலை என்னவென்று பார்ப்போம். அக்கா மகனின் தெரபி அறையில் படம் காட்டுவதையும் பெயர் சொல்லவைப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளியே தெரிவது அவ்வளவுதான். வேலையின் பெரும்பகுதி துப்பறிவது.

ஒரு பையனை வைத்துக்கொள்வோம். நான் பார்த்த பலரைச் சேர்த்துச் செய்த உதாரணம் இது. ஆறு வயது. பேச்சு இல்லை. வகுப்பில் தன் கையைக் கடித்துக்கொள்கிறான். ஆசிரியை 'பிடிவாதம்' என்கிறார். பாட்டி 'திருஷ்டி' என்கிறார். நீங்கள் இரண்டையும் கேட்டுக்கொண்டு, ஒரு தாளில் மூன்று பத்திகள் போட வேண்டும்: கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, கடித்தது எப்படி, கடித்த பின் என்ன நடந்தது. ஒரு வாரம் எழுதினால் ஒரு வடிவம் தெரியவரும். எழுதும் நேரத்தில் மட்டும் கடிக்கிறான், கடித்ததும் நோட்டை எடுத்துவிடுகிறார்கள் என்றால், அந்தக் கடிக்கு 'எனக்கு இது வேண்டாம்' என்று பொருள். மணி அடிக்கும்போதும் நாற்காலி இழுபடும்போதும் கடிக்கிறான் என்றால், காது தாங்கவில்லை. யாரும் பக்கத்தில் இல்லாதபோது கடித்து, ஆசிரியை ஓடிவந்ததும் நிறுத்துகிறான் என்றால் அவனுக்கு ஆள் வேண்டும். கடி ஒன்றுதான், காரணம் ஒவ்வொன்றிலும் வேறு. காரணம் தெரியாமல் கொடுக்கும் பயிற்சி எதுவும் வீண்தான். சில சமயம் கெடுதலாகவும் முடியும்.

இதற்கெல்லாம் முன்பு பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, புதியவர்கள் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நேற்றுவரை இல்லாத நடத்தை திடீரென்று வந்தால் முதலில் பல் மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ அனுப்ப வேண்டும். காதில் சீழ், சொத்தைப் பல், நாள்கணக்கில் மலச்சிக்கல் எதையும் அந்தப் பையனால் வாய்திறந்து சொல்ல முடியாது. தலையை முட்டித்தான் சொல்வான். வலியை நடத்தை என்று நினைத்து வாரக்கணக்கில் டேட்டா ஷீட் நிரப்பிக்கொண்டிருப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

காரணம் தெரிந்த பின் என்ன செய்வீர்கள்? 'எனக்கு இது வேண்டாம்' என்று கடித்தவனுக்கு, அதையே கடிக்காமல் சொல்ல ஒரு வழி கற்றுத் தருவீர்கள். ஓர் அட்டையை நீட்டலாம், கையால் சைகை காட்டலாம், டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொடலாம். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி தமிழிலும் பேசும். அவன் அட்டையை நீட்டிய உடனே நோட்டை எடுத்துவிட வேண்டும். கவனியுங்கள், உடனே. 'இன்னும் இரண்டு எழுத்து எழுது, அப்புறம் விடுகிறேன்' என்று முதல் வாரத்திலேயே பேரம் பேசினால், அட்டையால் பலனில்லை, பல்லால்தான் பலன் என்று அவன் கற்றுக்கொள்வான். அட்டை வேலை செய்கிறது என்ற நம்பிக்கை அவனுக்கு வந்த பிறகு, எழுதும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம். அதோடு அந்த எழுத்து வேலை அவன் கைக்கு ஏற்றதுதானா, விரல்களுக்கு வலு இருக்கிறதா என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் கேட்க வேண்டும். பல நேரம் குறை பையனிடம் இருக்காது, பாடத்தில் இருக்கும்.

பிறகு வீடு. கூட்டுக் குடும்பத்தில் ஒரு திட்டத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்லித்தராது. கத்தினால் செல்போன் கிடையாது என்று தாய் முடிவு செய்கிறார். இரண்டு நாள் கத்தல் கூடும். கூடத்தான் செய்யும்; பழைய வழி பலிக்காதபோது எவரும் முதலில் அதையே பலமாகச் செய்து பார்ப்பார்கள். மூன்றாம் நாள் தாத்தா மனம் கேட்காமல் போனைக் கொடுத்துவிடுகிறார். இப்போது குழந்தை கற்றது என்ன? மூன்று நாள் கத்தினால் கிடைக்கும் என்பதை. திட்டம் இல்லாமலே இருந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். ஆகவே திட்டம் எழுதும் நாளிலேயே தாத்தாவையும் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். அவர் தாங்கக்கூடிய திட்டமாக அது இருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் இணையத்தில் படித்ததற்கு வருகிறேன். அந்தப் பெரியவர்கள் சொல்வது பொய்யல்ல. ஏ.பி.ஏ. எனப்படும் பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வை ஆட்டிசக் குழந்தைகளிடம் பெரிய அளவில் கொண்டுபோனவர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் இருந்த ஐவார் லோவாஸ். அறுபதுகளில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் குழந்தைகளை அறைந்தார்கள், மின்னதிர்ச்சியும் கொடுத்தார்கள். அவருடைய புகழ்பெற்ற 1987 ஆய்வில், வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் ஒன்பது பேர் மற்ற குழந்தைகளைப்போல் பள்ளிக்குப் போகும் நிலைக்கு வந்ததாகச் சொல்லப்பட்டது. இன்றைக்கும் '40 மணி நேரம்' என்று மையங்கள் விளம்பரம் செய்வது அந்த ஆய்வை வைத்துத்தான். ஆனால் அந்த ஆய்வில் எந்தக் குழந்தை எந்தக் குழுவில் என்று குலுக்கல் முறையில் முடிவு செய்யவில்லை, எண்ணிக்கை சிறியது, உரத்த அதட்டலும் தொடையில் அடியும் பயிற்சியின் பகுதியாகவே இருந்தன. விளம்பரத்தில் இதை யாரும் எழுதுவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனம் மின்னதிர்ச்சியை இந்த நூற்றாண்டிலும் விடவில்லை. நடத்தைப் பகுப்பாய்வாளர்களின் சர்வதேசச் சங்கமே அதை எதிர்ப்பதாக அறிவிக்க 2022 வரை ஆனது. இவ்வளவு தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

அடியும் அதிர்ச்சியும் இல்லாத இடங்களிலும் குறை உண்டு. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் அதிகம் பேசுவது அதைப் பற்றித்தான். 'கண்ணைப் பார்' என்று முகத்தைத் திருப்பிப் பிடிப்பது. கையை உதறினால் 'கை கீழே' என்பது. பசித்த குழந்தையின் சாப்பாட்டையே பரிசாக நிறுத்திவைப்பது. அழுதுகொண்டே செய்தாலும் செய்தான் என்று டேட்டா ஷீட்டில் டிக் போடுவது. கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது சிதறிப்போகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கையை உதறுவது பதற்றத்தை அவர்களே தணித்துக்கொள்ளும் வழி. அதனால் யாருக்கு என்ன நட்டம்? உறவினர் கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரியக்கூடாது என்பதற்காக ஒரு குழந்தையின் மருந்தைப் பிடுங்கக்கூடாது. தனக்கோ பிறருக்கோ காயம் உண்டாக்கும் செயலை மாற்ற உதவுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள்.

இதற்காக நடத்தை அறிவியலையே தூக்கி எறிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மேலே சொன்ன கடி உதாரணம் முழுக்க அந்த அறிவியல்தான். ஆனால் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து அட்டை காட்டும் பழைய முறையிலிருந்து துறை நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆரம்பகாலப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2020 இல் வந்த பெரிய பகுப்பாய்வில், குலுக்கல் முறை ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது, விளையாட்டுக்குள்ளும் அன்றாட வேலைக்குள்ளும் நடத்தும் முறைகளுக்கே ஓரளவு ஆதாரம் நின்றது. நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்தது. நிபுணர்கள் அல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, மேற்பார்வையின் கீழ் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குழந்தை தானாக முன்வந்து பெற்றோரோடு தொடர்புகொள்வது கூடியது. பெரிய பட்டம் இல்லாதவர்களாலும் நல்ல வேலை செய்ய முடியும். பின்னால் ஒருவர் நின்று பார்த்துத் திருத்தினால் முடியும்.

இந்த மேற்பார்வைக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உங்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் உங்களை உருவாக்கப்போவது, நீங்கள் குழந்தையோடு இருக்கும்போது அறையில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு மூத்தவர். அவர் யார் என்று தெரியாமல் எங்கும் சேராதீர்கள். நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்கட்டும். பிறகு நீங்களும் கேளுங்கள்: என் மேற்பார்வையாளர் யார், அவருடைய தகுதி என்ன, பதிவு எண் என்ன, வாரத்தில் எவ்வளவு நேரம் என் அறைக்குள் வருவார்? ஒரு குழந்தை அழுது வெளியே போகப் பார்த்தால் இங்கே என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்கான பதிலைக் கூர்ந்து கேளுங்கள். 'விடமாட்டோம், முடித்துவிட்டுத்தான் எழுப்புவோம்' என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுங்கள். 'ஏன் போகப் பார்க்கிறது என்று பார்ப்போம், பாடத்தை மாற்றுவோம்' என்றால் உட்காருங்கள். பெற்றோர் அறைக்குள் வந்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். கதவை மூடியே வைத்திருக்கும் இடத்தை நான் நம்புவதில்லை. 'குணமாக்கிவிடுவோம்' என்று பலகை வைத்த இடத்தையும் அப்படித்தான். ஸ்டெம் செல் ஊசிக்கு ஆள் அனுப்பும் இடமென்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022 இலேயே சொல்லிவிட்டது.

உங்களைத் தேர்ந்தெடுத்த மையத்தில் மேற்பார்வையாளர் யார் என்று கடிதத்தில் எழுதவில்லை. அவர்கள் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் மட்டும் பேசும் வீட்டுக் குழந்தைக்கு 'ஐ வான்ட் வாட்டர்' என்று கற்றுக்கொடுக்கும் மையங்கள் நம்மிடம் நிறைய உண்டு. பாடக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருப்பதால் வந்த வினை. குழந்தை மையத்தில் கேட்கக் கற்றுக்கொள்கிறது, வீட்டுக்கு வந்தால் ஆச்சிக்குப் புரிவதில்லை. இன்னும் மோசமாக, 'வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும்' என்று தாயிடம் சொல்லிவிடுகிறார்கள். தனக்கு வராத மொழியில் கொஞ்சத் தெரியாமல் அந்தத் தாய் பேசுவதையே குறைத்துக்கொள்கிறார். இருமொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதில்லை என்றே ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. நீங்கள் திருநெல்வேலித் தமிழில் பேசுகிறவர். அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு அது பெரிய வரம். அதை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

அக்கா மகனுக்கு நீங்கள் தெரபிஸ்ட் ஆக வேண்டாம். தெரபிஸ்ட் வேறு ஊரில் கிடைப்பார், சித்தி கிடைக்கமாட்டார். அவனுடைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆகியவற்றுக்கு அக்காவுக்கு உதவுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான அந்தக் காப்பீட்டில் தெரபிச் செலவுக்கும் இடம் உண்டு. பல குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை. தொழிலுக்கு வந்த பிறகும் இந்தக் காகித வேலைகள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்து வயதுப் பையனைப் பார்த்து வந்த ஆசை என்பதால் இதையும் சொல்கிறேன். அவன் இருபத்தைந்து வயதுக்காரனும் ஆவான். நம் மையங்கள் பெரும்பாலும் பள்ளி வயதோடு கதவைச் சாத்திவிடுகின்றன. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குள்தான். சவரம் செய்துகொள்ள, தனியாகப் பஸ் ஏற, காசு எண்ணிக் கொடுக்க, யாராவது தவறாகத் தொட்டால் மறுக்கக் கற்றுத்தரும் ஆட்கள் மிகக் குறைவு. ஒரு குழந்தைக்கு 'சொன்னபடி செய்' என்பதை மட்டும் பதினைந்து ஆண்டுகள் கற்றுக்கொடுத்துவிட்டு, பெரியவனான பின் 'வேண்டாம் என்று சொல்' என்றால் அவன் எங்கே போவான்? அதனால்தான் முதல் பாடமாக மறுக்கும் அட்டையைச் சொன்னேன். போக்சோ சட்டத்தில், குழந்தைக்குப் பாலியல் குற்றம் நேர்ந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். மையத்தின் பெயர் கெடும் என்று யார் தடுத்தாலும் அந்தக் கடமை உங்களுடையது.

சம்பளம். என் காதுக்கு வருகிற வரையில், மாநிலத்தின் பெருநகர மையங்களில் புதியவருக்கு மாதம் பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டித்தான் தருகிறார்கள். அதில் விடுதி வாடகை கட்டி வீட்டுக்கு அனுப்புவது கடினம். பதிவு எண்ணும் நல்ல கைப்பழக்கமும் வந்த பின் நிலைமை மாறும். வங்கி எழுத்தரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதை அவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டே பேச்சைத் தொடங்குங்கள்.

உடலும் தயாராக இருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து எழும் வேலை. கடி படும், கிள்ளு படும், முடி இழுபடும். தொங்கும் கம்மல் வேண்டாம். கொலுசும் கண்ணாடி வளையலும் சில குழந்தைகளுக்குத் தாங்க முடியாத சத்தம். மல்லிகைப் பூ வாசனையே போதும், சில பிள்ளைகள் பக்கத்தில் வரமாட்டார்கள். அடி பட்ட நாளில் அதைப் பதிவு செய்து மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். சகித்துக்கொள்வது தியாகம் என்று சொல்லும் நிர்வாகம், ஆள் பற்றாக்குறையை மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: அந்த மையத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆர்.பி.டி. சான்றிதழை எந்த அமைப்பு, எந்த விதியின் கீழ் இந்தியாவில் இருப்பவருக்கு வழங்கும், ஆர்.சி.ஐ. அங்கீகாரக் கடிதத்தின் நகல் கிடைக்குமா, மேற்பார்வையாளரின் பதிவு எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் விளக்குகிறோம் என்றால் மின்னஞ்சலிலேயே தரச் சொல்லுங்கள். பணம் கட்டாமல், சம்பளத்தோடு பயிற்சி தரும் வேறு மையம் கிடைத்துச் சேர்ந்தால், அங்கும் சான்றிதழ்களின் நகலை மட்டும் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டிவந்தால், விலகுவதற்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், விலகினால் ஏதாவது கட்ட வேண்டுமா என்ற வரிகளை முதலில் படியுங்கள். ஒரு நகலை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடமும் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.